மூன்றரை டன் யாருக்கு?

ஆஸ்திரேலியாவில் கேரவன் என்கிற சக்கர வீட்டை இழுக்க வண்டி தேடுகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி "மூணரை டன் இழுக்குமா?" என்பதுதான். கேரவன் எவ்வளவு எடை என்று கேட்க மாட்டார். வீட்டில் எத்தனை பேர், வாரநாட்களில் அந்த வண்டியை யார் எங்கே ஓட்டப்போகிறார் என்றெல்லாம் கேட்கவே மாட்டார். அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் தொடங்கி, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்து நிற்கும் அப்பாக்கள் வரை எல்லோர் வாயிலும் அதே எண். ஃபோர்ட் ரேஞ்சர், டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ் என்று இங்கே தெருவுக்கு நாலு நிற்கும் இரட்டை கேபின் யூட்களின், அதாவது பின்னால் திறந்த சரக்குத் தட்டு வைத்த பிக்கப் வண்டிகளின், விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் வரும் 3,500 கிலோ அது. 2016 முதல் 2022 வரை ஹைலக்ஸ், அதற்குப் பின் 2023-லும் 2024-லும் ரேஞ்சர் என்று, நாட்டிலேயே அதிகம் விற்ற வண்டி என்ற பெயரை யூட்களே மாற்றி மாற்றி வைத்திருந்தன. வாங்கியவர்களில் எத்தனை பேர் மூன்றரை டன்னை இழுத்திருப்பார்கள் என்ற யோசனை எனக்குப் பல மாதமாக ஓடிக்கொண்டே இருந்தது. யோசனை என்று நாகரிகமாகச் சொல்கிறேன்; எரிச்சல் என்றும் சொல்லலாம்.

கதை தொடங்கியது எங்கள் தெருக்கோடியில் இருக்கும் அண்ணையால். யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளில் சிட்னிக்கு வந்தவர், பெண்டில் ஹில் பக்கம் வீடு வாங்கி அங்கேயே வேரூன்றியவர். விடுமுறை என்றால் பாலியோ துபாயோ பறக்கும் நம் ஆட்களுக்கு நடுவே, வருடா வருடம் கேரவனைப் பூட்டிக்கொண்டு தெற்குக் கடற்கரைக்குக் கிளம்பிவிடும் அபூர்வ ஜீவன். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவரால் குனிந்து கொக்கி மாட்ட முடியவில்லை. கேரவனை விற்க மனமும் வரவில்லை. "தம்பி, நீர் எடும். வருசத்திலை ஒருக்கா எங்களையும் கூட்டிக்கொண்டு போனால் சரி" என்று ஒரு பெயருக்கு விலை சொன்னார். கூரையை மேலே தூக்கி நிறுத்தும் பாப்-டாப் வகை, பழையது, ஆனால் பிள்ளை போல வைத்திருந்தார். எங்களுடைய காரும் அந்தச் சமயத்தில் ஓய்வு பெறும் வயதில் இருந்தது. இரண்டையும் சேர்த்து ஒரே முடிவாக எடுத்துவிடலாம் என்று நானும் என் மனைவியும் ஷோரூம் ஏற ஆரம்பித்தோம்.

ஷோரூமில் விற்பனைக்காரர்கள் பெரும்பாலும் நல்ல பிள்ளைகள். ஆனால் 'கேரவன்' என்ற சொல் காதில் விழுந்ததும் நம்மை நேராக யூட்களும் உயரமான டீசல் வண்டிகளும் நிற்கும் மூலைக்குத்தான் அழைத்துப் போனார்கள். அண்ணைக்கு இது வேடிக்கை. அவர் வந்த காலத்தில் கேரவனை இழுத்ததெல்லாம் குடும்பக் கார்கள்தான். ஃபோர்ட் ஃபால்கன், ஹோல்டன் கமடோர் என்று உள்ளூரில் செய்த பெரிய செடான்கள். கனரக இழுவைப் பொதி மாட்டிய ஃபால்கன் 2,300 கிலோ வரை இழுக்கும். அலுவலகத்துக்கும் அதே கார், கடற்கரைக்கும் அதே கார். 2016 அக்டோபரில் ஃபோர்டும், 2017 அக்டோபரில் டொயோட்டாவும் ஹோல்டனும் இங்கே கார் செய்வதை நிறுத்திய பிறகு அந்த இனமே அற்றுப்போனது. அந்த இடத்தைப் பிடித்ததுதான் தாய்லாந்திலிருந்து கப்பலில் வரும் யூட்.

மறுபக்கம், ஊரெல்லாம் வாங்கும் ஹைப்ரிட் கார்களின் கதை இன்னும் விசித்திரம். நம் சமூகத்தில் வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இருந்த முந்தைய தலைமுறை டொயோட்டா ராவ்4 ஹைப்ரிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு சக்கரமும் இழுக்கும் வகைக்கு 1,500 கிலோ அனுமதி. முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வகைக்கு 480 கிலோ. பார்வைக்கு ஒரே கார், ஒரே நிறம், ஒரே இருக்கைத் துணி. தோட்டக் குப்பையை ஏற்றிப் போகும் சின்ன டிரெய்லருக்கே 480 பத்தாமல் போகலாம். தெரியாமல் வாங்கியவர்கள் உண்டு.

தகடும் கையேடும்

ஒவ்வொரு கேரவனிலும் ஒரு தகடு இருக்கும். அதில் டேர் என்பது ஆலையிலிருந்து வெளியே வந்தபோது இருந்த வெற்று எடை. ஏடிஎம் என்பது தண்ணீர், காஸ், பாய், படுக்கை, பாத்திரம் எல்லாம் ஏற்றிய பிறகு கேரவன் அதிகபட்சம் இருக்கக்கூடிய எடை. இரண்டுக்கும் நடுவே உள்ளதுதான் நாம் ஏற்றக்கூடியது. அண்ணையின் கேரவனில் டேர் 1,390, ஏடிஎம் 1,750. 360 கிலோ ஏற்றலாம் என்றால் தாராளமாகத் தோன்றும். தண்ணீர்த் தொட்டிகளை நிரப்பினாலே அதில் பெரும் பங்கு போய்விடும் என்பது பிறகுதான் உறைக்கும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. இரண்டு காஸ் சிலிண்டர், பின்னாளில் மாட்டிய சாய்ப்பு, கூடுதல் பேட்டரி என்று ஒவ்வொன்றும் தன் பங்கைத் தின்றுவிடும்.

வண்டிப் பக்கம் இரண்டு எண்கள். ஜிவிஎம் என்பது ஆட்கள், சாமான், கொக்கியின் மேல் கேரவன் அழுத்தும் எடை எல்லாம் சேர்த்து வண்டி தாங்கக்கூடிய மொத்தம். ஜிசிஎம் என்பது வண்டியும் கேரவனும் சேர்ந்து எட்டக்கூடிய உச்சம். விளம்பரத்தில் இந்த இரண்டாவது எண் வரவே வராது. கையேட்டின் கடைசிப் பக்கங்களில் தேட வேண்டும். நான் தேடினேன். பரவலாக விற்கும் ஒரு யூட்டின் தாளில் இப்படி இருந்தது: வண்டியின் சொந்த எடை 2,110 கிலோ, ஜிவிஎம் 3,050, இழுவை 3,500, ஜிசிஎம் 5,850.

இதை ஒரு மதிய உணவு இடைவேளையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3,500 கிலோ கேரவனைப் பூட்டினால், 5,850-இல் மீதி 2,350. அதில் வண்டியே 2,110. ஆக, ஓட்டுநர் உட்பட அத்தனை பேருக்கும், அத்தனை சாமானுக்கும், கேரவனைப் பூட்ட வண்டியின் பின்னால் மாட்டும் இழுவைக் கம்பிக்கும் சேர்த்து மிஞ்சுவது 240 கிலோ. எங்கள் வீட்டில் நான் 82, மனைவி 64, அம்மா 58, மூத்தவள் 48, இளையவள் 36. மொத்தம் 288. ஒரு தண்ணீர் பாட்டில்கூட எடுத்து வைக்காமல், ஐந்து பேர் ஏறி உட்கார்ந்த மாத்திரத்தில் 48 கிலோ அதிகம். மூன்றரை டன் இழுக்க வேண்டுமென்றால் வீட்டில் ஒருவரை விட்டுவிட்டுப் போக வேண்டும். அந்த எண் பொய்யில்லை. ஆனால் ஒல்லியான ஒருவர் தனியாக, பெட்டி படுக்கை இல்லாமல் போகும்போது உண்மை.

எங்கள் கேரவன் மூன்றரை டன்னில் பாதிதான் என்பதால் இந்தச் சிக்கல் எங்களுக்கு வராது. அந்த யூட் எங்கள் பாரத்தைத் தாராளமாக இழுக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கணக்கைப் போட்ட பிறகு எனக்கு 3,500 மேல் இருந்த மரியாதை போய்விட்டது. எதை அடிப்படையாக வைத்து ஊரே வண்டி வாங்குகிறதோ, அந்த எண் ஒரு குடும்பத்தைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

முன்பாரம்

ஒரு ஞாயிறு காலை அண்ணை வீட்டு டிரைவ்வேயில் கேரவனை நிறுத்தி, விடுமுறைக்குப் போவது போலவே முழுக்க ஏற்றினோம். தண்ணீர் நிரப்பி, காஸ் மாட்டி, மடக்கு நாற்காலி, மீன்பிடிக் கழி, அடுப்பு, அரிசிச் சாக்கு எல்லாம் உள்ளே போயின. அண்ணையிடம் ஒரு சின்னத் தராசு உண்டு, தடித்த குழாய் மேல் ஒரு வட்ட முள் வைத்தது மாதிரி. கேரவனின் மூக்கை அதன் மேல் இறக்கினால், வண்டியின் கொக்கிக் குண்டு மேல் எவ்வளவு எடை அழுந்தும் என்று முள் காட்டும். மூக்கை ஏற்றி இறக்கும் ஜாக்கி சக்கரத்தை அவர் சொல்லச் சொல்ல நான் சுற்றினேன். மூக்கு மெல்ல இறங்கியது, தராசு ஒரு தரம் முனகியது, முள் 205-இல் வந்து நின்றது.

அம்மா அப்போது அண்ணை மனைவியோடு கறிவேப்பிலைச் செடிப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தார். மணப்பாறைப் பக்கத்து ஊர்க்காரர். தாத்தாவுக்குச் சொந்தமாக வண்டி மாடு இருந்தது. முள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, முன்பாரம் பாக்குறீங்களா? பின்பாரமா ஏத்திட்டா நுகத்தடி தூக்கிக்கிட்டு பூட்டாங்கயிறு மாட்டை இறுக்கிரும். ரொம்ப முன்பாரமானா மாட்டுக் கழுத்து புண்ணாயிரும். கொஞ்சூண்டு முன்னால இருக்கணும், அவ்வளவுதான்" என்றார். அண்ணை சிரித்துவிட்டார். கேரவன் விஷயத்தில் மணிக்கணக்கில் காணொளி போட்டு விளக்குவதெல்லாம் இதைத்தான். கொக்கிக் குண்டு மேல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு எடை அழுந்த வேண்டும் என்பது இங்கே பொது வழக்கு. அது குறைந்து வால் கனத்தால், பெரிய லாரி ஒன்று உரசிக்கொண்டு முந்தும்போது கேரவன் பாம்பு மாதிரி ஆட ஆரம்பிக்கும். வேகம் கூடக் கூட ஆட்டம் கூடும். மூக்கு அதிகம் கனத்தால் வண்டியின் பின்புறம் அமுங்கி முன்சக்கரம் லேசாகும், ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது, இரவில் முகப்பு விளக்கு எதிரே வருபவன் கண்ணில் அடிக்கும்.

முன்பெட்டியில் இருந்த கருவிப் பெட்டியையும் தண்ணீர்க் கேனையும் எடுத்து அச்சுக்கு நேர் மேலே தரையில் வைத்தோம். மறுபடி இறக்கினால் 165. மொத்தத்தில் ஒரு கிலோவும் குறையவில்லை. ஏற்றிய இடம் மட்டும் மாறியது. "உம்மடை வண்டி இப்ப 40 கிலோ மெலிஞ்சு போச்சு" என்றார் அண்ணை.

இந்த 165 ஏன் முக்கியம் என்றால், அது கேரவனின் எடை மட்டுமில்லை, காரின் எடையும்தான். காரின் ஜிவிஎம்மில் அது முழுசாகச் சேரும், மூன்று பேர் டிக்கியின் விளிம்பில் உட்கார்ந்து வருவதற்குச் சமமாக. பழைய எஸ்யூவிகள் சிலவற்றில் 2,000 கிலோ இழுக்கலாம் என்று போட்டுவிட்டு, குண்டு மேல் 100 கிலோதான் வைக்கலாம் என்று சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்கள். அப்படி ஒரு காரில் எங்கள் கேரவனைச் சட்டப்படி பூட்டவே முடியாது.

இறக்கம்

வண்டி முடிவு செய்வதற்கு முன் ஒரு தடவையாவது இழுத்துப் பார்க்க வேண்டும் என்று அண்ணை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவருடைய பழைய டொயோட்டா பிராடோவில் பூட்டிக்கொண்டு, அவர் பக்கத்து இருக்கையில் உட்கார, நான் ஓட்ட, ஜெர்விஸ் விரிகுடா வரை ஒரு பயணம். வழியில் ஹெலன்ஸ்பர்க் பெருமாளைப் பார்க்காமல் போனால் அவருக்கு ஆகாது. 1985-இல் குடமுழுக்கு கண்ட அந்தக் கோயிலுக்குக் காரில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். பின்னால் ஒரு வீட்டை இழுத்துக்கொண்டு வாரயிறுதியில் அந்த வாகன நிறுத்தத்துக்குள் நுழைவது வேறு மாதிரியான பக்தி. கடைசியில் வெளியே சாலையோரம் நிறுத்திவிட்டு, ஒருவர் வண்டியில் காவல் இருக்க, மாறி மாறிப் போய்க் கும்பிட்டு, கேன்டீனில் தோசை வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

அதைத் தாண்டியதும் மவுண்ட் ஊஸ்லி. சிட்னிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: வொலொங்காங்கை நோக்கி மோட்டார்வே தடாலென்று இறங்கும் இடம், லாரிகள் இடத் தடத்தில் ஊர்ந்துகொண்டு போகும். நான் காரில் இறங்கும்போது பிரேக்கில் கால் வைத்து, எடுத்து, வைத்து, யோசிக்காமல் இறங்குபவன். உச்சி வருவதற்கு முன்பே அண்ணை, "இப்பவே கியரைக் குறையும். இறங்கத் தொடங்கினாப் பிறகு குறைச்சுப் பிரயோசனமில்லை" என்றார். கையால் மூன்றாம் கியருக்கு மாற்றினேன். எஞ்சின் உறுமியது, ஆனால் வண்டி தன்னைத் தானே பிடித்துக்கொண்டது. 1,700 கிலோ முதுகில் கை வைத்துத் தள்ளுவதை இருக்கையிலேயே உணர முடிந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு யூட், பெரிய இரட்டை அச்சுக் கேரவனோடு, பிரேக் விளக்கு அணையாமல் எரிய இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் காற்றுக் குழாய் வழியாகக் கருகின வாடை உள்ளே வந்தது. "மூண்டரை டன் இழுக்கிறவர் போறார்" என்றார் அண்ணை. பிறகு, கீழே தட்டையான சாலைக்கு வந்ததும், எனக்குச் சொல்கிறாரா தனக்குத்தானே சொல்கிறாரா என்று தெரியாத குரலில், "இழுக்கிறது எந்த வண்டியும் இழுக்கும், தம்பி. பிடிக்கிறதை எல்லோ பாக்க வேணும்."

டாஷ்போர்டில் ஒரு சின்னக் குமிழ் இருந்தது. கேரவனின் மின் பிரேக்குக்கான கட்டுப்பாடு. இங்கே 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்கு அதற்கென்று தனி பிரேக் இருக்க வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக், அதோடு கொக்கி அறுந்துபோனால் தானே பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு. கேரவன் ஆட ஆரம்பித்தால் காரின் பிரேக்கை மிதிக்காமல் அந்தக் குமிழை மட்டும் அழுத்து, கேரவன் பின்னாலிருந்து இழுத்து நேராகிவிடும் என்று சொல்லிக் கொடுத்தார். ஒரு காலி நேர்ச்சாலையில் மெல்ல அழுத்திப் பார்த்தேன். யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. ஷோரூமில் யாரும் இந்தக் குமிழைப் பற்றிப் பேசவில்லை. அதைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும், இழுவைக் கம்பியையும் தனியாக வாங்க வேண்டும், அவற்றுக்கும் கணிசமாகச் செலவாகும் என்பதெல்லாம் பதிவு, வரி எல்லாம் சேர்த்த 'டிரைவ்-அவே' விலை பேசி முடித்த பிறகுதான் தெரியவந்தது.

எடைமேடையில்

யூட்டை நாங்கள் நிராகரித்தது கணக்கால் இல்லை. அம்மாவால். சோதனை ஓட்டத்துக்கு அவரையும் அழைத்துப் போயிருந்தோம். கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையால் தூணில் இருந்த கைப்பிடியைப் பற்றி, பக்கப் படியில் ஒரு கால் வைத்து, அடுத்த காலை எடுக்க முடியாமல் அப்படியே நின்றார். ஏறிவிட்டார், பிறகு. "ஒண்ணும் இல்லப்பா, நல்லாத்தான் இருக்கு" என்றும் சொன்னார். கோயிலுக்கும் மருத்துவரிடமும் பெண்டில் ஹில் மளிகைக் கடைக்கும் வாரத்தில் நாலு தரம் அவர் அதில் ஏற வேண்டும். கேரவன் வருடத்தில் சில வாரம்.

அடுத்து பார்த்தது கியா கார்னிவல். நம் ஆட்களிடையே அதற்கு ஒரு கேலி உண்டு, வேன் என்று. டீசல், 2,000 கிலோ இழுவை. பக்கக் கதவு தானாக விலகியது. அம்மா படியே இல்லாமல் வீட்டுக்குள் நுழைவது போல் நுழைந்து உட்கார்ந்து, "இதுல போலாம்" என்றார். மனைவிக்கு அங்கேயே முடிவாகிவிட்டது. எனக்கு இல்லை. முழுக்க ஏற்றினால் 1,720 கிலோ கேரவன், 2,000 கிலோ வரம்பு. எண்பது சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு வாய்வழி விதி இங்கே உலவுகிறது. சட்டத்தில் இல்லை, ஆனால் எல்லோரும் சொல்வார்கள். அந்த விதிப்படி 1,600-தான். அதைவிட எனக்குக் கவலை, ஐந்து பேரும் ஏறி, குண்டு மேல் 165-ம் ஏறினால் ஜிவிஎம் தாங்குமா என்பது. விற்பனைக்காரரிடம் கேட்டேன். எட்டு பேர் உட்காரலாம் சார் என்றார்.

எனவே சோதனை ஓட்டத்துக்கென்று கொடுத்த காரில் குடும்பத்தோடு ஏறி, விற்பனைக்காரப் பையனையும் ஏற்றிக்கொண்டு, பக்கத்துத் தொழிற்பேட்டையில் மண்ணும் ஜல்லியும் விற்கும் கடையின் எடைமேடைக்குப் போனேன். பையனுக்கு முதலில் விளங்கவில்லை, விளங்கியதும் ஆர்வமாகிவிட்டான். அவனை இறங்கி ஓரமாக நிற்கச் சொன்னோம். சன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்மணி, லாரிகள் வரிசையில் ஒரு வேன் வந்து நிற்பதைப் பார்த்து, "மணல் ஏற்றியிருக்கிறீர்களா?" என்று கேட்டார். மாமியாரை ஏற்றியிருக்கிறோம் என்றாள் என் மனைவி. சிவப்பு எண்கள் ஓடி நின்றன; ஒரு சின்னச் சீட்டு அச்சாகி வந்தது. ஜிவிஎம்முக்கும் அந்தச் சீட்டுக்கும் நடுவே 300 கிலோவுக்குச் சற்று மேல் இருந்தது. இழுவைக் கம்பிக்கும் குண்டு எடைக்கும் கழித்தால் காருக்குள் சாமானுக்கு 100 கிலோ போல மிச்சம். மற்றதெல்லாம் கேரவனுக்குள், அச்சுக்கு மேலே. தண்ணீர்த் தொட்டியை ஊரிலேயே நிரப்பாமல், போய்ச் சேரும் இடத்தில் நிரப்பிக்கொண்டால் கேரவனும் 1,600-க்குக் கீழே வந்துவிடும். கேரவன் பூங்காவில் குழாய்த் தண்ணீர் இல்லாத இடத்துக்கு நாங்கள் போகப்போவதில்லை. காட்டுக்குள் போய் நாலு நாள் கிடப்பவர்களுக்கு இது சரிப்படாது.

எட்டு பேர் உட்காரலாம் என்பதும் 2,000 கிலோ இழுக்கலாம் என்பதும் தனித்தனியாக உண்மை. இரண்டும் ஒரே நாளில் உண்மையாக இருக்க வாய்ப்பில்லை. ஐந்து பேர், இந்தக் கேரவன், இந்த அளவு சாமான் என்றால் சரியாக உள்ளே அடங்குகிறது, சட்டைப் பொத்தான் போட்டால் வயிற்றைக் கொஞ்சம் எக்க வேண்டிய அளவுக்கு.

மின்சாரக் காரையும் பார்த்தோம், மூத்தவளின் வற்புறுத்தலால். டெஸ்லா மாடல் ஒய் 1,600 கிலோ, கியா ஈவி9-இல் நாலு சக்கரமும் இழுக்கும் வகை 2,500, பிஒய்டி ஷார்க் என்ற ப்ளக்-இன் யூட் 2,500. இழுக்கும் சக்தி பற்றிக் குறையே இல்லை, இறக்கத்தில் மோட்டாரே பிடித்துக்கொள்ளும் என்பதில் எனக்கு ஆசையும் வந்தது. ஆனால் கேரவன் பூட்டினால் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் ஏறக்குறைய பாதியாகும். சார்ஜர்கள் பெரும்பாலும் மூக்கை நுழைத்து நிறுத்தும்படிதான் இருக்கின்றன, ஒவ்வொரு முறையும் கேரவனைக் கழற்ற வேண்டும். அம்மா சாலையோரம் காத்திருக்க, நடு வெயிலில் ஜாக்கி சக்கரம் சுற்றுவதை நினைத்துப் பார்த்தேன். பத்து வருடம் கழித்து மூத்தவள் வாங்கிக்கொள்ளட்டும்.

கார்னிவல் பதிவு செய்த செய்தியை அண்ணையிடம் போய்ச் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். எடைமேடைச் சீட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தார். கணக்கில் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் விடவில்லை. "முன் சில்லு இழுக்கிற வண்டி, தம்பி. கேரவன் மூக்கு பின்னுக்கு அமத்தேக்கை முன் சில்லு லேசாகும். மழை பெய்ஞ்ச புல்லுத்தரையிலை, அதுவும் ஏத்தமா இருந்தால், நிண்ட இடத்திலை சும்மா சுத்தும்." இதற்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அவர் சொல்வது சரி. புல்தரைத் தளம் வேண்டாம், சிமெண்ட் தளமாகப் பார்த்துப் பதிவு செய்கிறோம் என்றேன். அதற்கு நாளுக்கு எவ்வளவு கூடுதல் என்று அவர் ஒரு கணக்குப் போட்டுச் சொன்னார். நான் டீசல் யூட்டுக்கும் இதற்கும் உள்ள விலை வித்தியாசத்தைச் சொன்னேன். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் இன்னும் முடிக்கேல்லையோ?" என்றார்.

வண்டி அடுத்த மாதம் வருகிறது. பிரேக் குமிழை ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் பொருத்துவதா, அவசரத்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கும் எட்டும்படி நடுவில் பொருத்துவதா என்பதில்தான் இப்போது வாக்குவாதம். பக்கத்து இருக்கையில் யார் உட்காரப்போகிறார் என்பதில் அண்ணைக்குச் சந்தேகமே இல்லை.